விலாங்கு மலையேறும் பாதை: தாமிரபரணி மீன் மீட்பைக் காணி மக்கள் முன்னின்று நடத்த இயலுமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் சிறுவயதில், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் கன்னடியன் கால்வாயை அடைத்துப் போடும் சித்திரை, வைகாசி மாதங்களில், மதகடிக் கசத்தில் தேங்கிய சேற்று நீரைக் கலக்கி விலாங்கு பிடிப்போம். கையில் அகப்படும், ஆனால் நிற்காது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும் என்று என் தாத்தா சொல்லித் தந்தார். இன்று அதே கசத்தில் என் மகன் வலை வீசினால் ஜிலேபிக் கெண்டையும், எப்போதாவது ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வருகின்றன. விலாங்கு என்றால் அவனுக்குப் பழமொழியில் வரும் ஒரு மீன், அவ்வளவுதான்.

அண்மையில் கிளமத் ஆற்றைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்கள் வழியே ஓடும் அந்த ஆற்றில் 2002 செப்டம்பரில் 34,000க்குக் குறையாத மீன்கள், பெரும்பாலும் சால்மன்கள், செத்து மிதந்தன. யூரோக், காரூக், கிளமத் பழங்குடி மக்கள் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடியும் போராடியும் நான்கு அணைகளை அகற்ற வைத்தார்கள். 2024ஆம் ஆண்டில் இடிப்பு வேலை முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 1912க்குப் பிறகு முதன்முறையாக, ஆரிகன் பகுதியின் மேல்நீரில் சால்மன் காணப்பட்டது. அணை நீர் வடிந்த நிலத்தில் தூவ வேண்டிய உள்ளூர்ச் செடிகளின் விதைகளைக்கூட அந்த மக்களே காடு காடாகச் சென்று சேகரித்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் நினைவு வந்தது. நான் பணிபுரியும் கல்லூரியின் இயற்கை மன்றத்தில், பாபநாசம் படித்துறையில் ஒரு விழா வைத்து, பத்தாயிரம் மீன்குஞ்சுகளை வாங்கி விட்டு, அதற்குக் காணிப் பெரியவர் ஒருவரைத் தலைமை தாங்க அழைக்கலாம் என்று ஒரு யோசனை பேசப்படுகிறது. எனக்கு அதில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் எது என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. விலாங்கு ஏன் குறைந்தது, அதை மீட்க வழி உண்டா, அந்த வேலையைக் காணி மக்கள் முன்னின்று நடத்த நம் ஊரில் இடம் உண்டா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


பதில் 1: தண்பொருநை

அண்ணாச்சி, முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் உறுத்தலுக்கான விடையில் பாதி அதன் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

விலாங்கு நம் ஆற்றில் பிறப்பதில்லை. நாம் காணும் மற்ற ஆற்று மீன்கள் நன்னீரிலேயே முட்டையிட, விலாங்கு மட்டும் ஆற்றிலும் குளத்திலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்தபின் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி, ஆழ்கடலில் ஒரே முறை முட்டையிட்டு மடிந்துவிடுகிறது. அங்கே பொரிக்கும் குஞ்சு, இலை போன்ற தட்டையான உடலோடு நீரோட்டத்தில் மிதந்து, கரையை நெருங்கும்போது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு புழுவாக மாறி, கழிமுகத்தில் நன்னீரின் மணத்தை உணர்ந்து உள்ளே நுழைகிறது. நம்மைப் பொறுத்தவரை அந்த வாசல் புன்னைக்காயல். அங்கிருந்து பொதிகையின் அடிவாரம் வரை அது நீந்தியும் ஊர்ந்தும் ஏற வேண்டும்.

அந்தப் பாதையில் என்ன இருக்கிறது என்று கீழிருந்து எண்ணிப் பாருங்கள்: ஸ்ரீவைகுண்டம், மருதூர், சுத்தமல்லி, பழவூர், அரியநாயகிபுரம், கன்னடியன், நதியுண்ணி, கோடைமேலழகியான் என எட்டு அணைக்கட்டுகள். அதற்கும் மேலே பாபநாசம் அணைகளும் 1944 முதல் இயங்கும் மின்நிலையமும். பழைய கல்லணைக்கட்டுகள் விலாங்குக் குஞ்சுக்கு முழுத் தடை அல்ல. விரல் நீளக் குஞ்சுகள் பாசி படிந்த ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு செங்குத்தாகவே ஏறக்கூடியவை. வளர்ந்த மீனால் அது முடியாது. ஆனால் சுவர் காய்ந்துவிட்டால் குஞ்சாலும் முடியாது. தண்ணீர் முழுவதையும் கால்வாய்களில் திருப்பிவிட்டு, அணைக்கட்டின் மேல் ஒரு சொட்டும் வழியாத மாதங்களில் ஆறு அவற்றுக்கு அடைத்த கதவு.

இனி, நியூசிலாந்தில் நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குக் கிளமத்தைவிட இதுவே நெருக்கமானது. அங்குள்ள மாவோரி மக்களுக்கு விலாங்கு உணவு மட்டுமன்று, குலச்செல்வம். அதை அவர்கள் 'துனா' என்கிறார்கள். (நம் ஊர் டப்பாச் சூரை மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ரங்கிதைக்கி ஆற்றின் குறுக்கே மதாஹினா அணை கட்டப்பட்டபின் மேலே ஏற வழியில்லாமல் குஞ்சுகள் அணையின் அடியில் திரண்டன. அந்த ஆற்றங்கரை மக்கள் அவற்றைப் பிடித்து, தொட்டிகளில் ஏற்றி, அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். முதிர்ந்து கடலுக்கு இறங்க முயலும் பெரிய விலாங்குகள் மின்சுழலிகளில் சிக்கி வெட்டுப்படாமல் இருக்க, அவற்றையும் மேலே பிடித்துக் கீழே இறக்குகிறார்கள். அங்குள்ள நீள்துடுப்பு விலாங்கின் பெண்மீன் கடலுக்குப் புறப்படுவதற்கு முன் பல பத்தாண்டுகள் ஆற்றில் வாழ்ந்திருக்கும். அப்படி ஒன்று சுழலியில் போனால், ஒரு தலைமுறைக் காத்திருப்பே வீணாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை என்பதுதான். விலாங்கைப் பண்ணையில் முட்டையிடச் செய்து குஞ்சு உற்பத்தி செய்வது வணிக அளவில் இன்னும் கைகூடாத வேலை. உலகெங்கும் பண்ணைகளில் வளர்க்கப்படும் விலாங்குகள் கழிமுகத்தில் பிடிக்கப்பட்ட காட்டுக் குஞ்சுகளே. ஆகவே பத்தாயிரம் குஞ்சுகளில் விலாங்கு ஒன்றுகூட இருக்கப்போவதில்லை. இருக்கப்போவது கட்லா, ரோகு, மிருகால். மூன்றும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை. அவற்றைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு மீட்பு என்று பெயர் வைப்பதைப் பற்றி நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.


பதில் 2: ஏரல் கடைத்தெரு

மேலே எழுதியவர் எட்டு அணைக்கட்டுகளையும் கீழிருந்து எண்ணியதற்கு நன்றி. பெரும்பாலும் எல்லோரும் பாபநாசத்திலிருந்து எண்ணத் தொடங்கி, சேரன்மகாதேவிக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள்.

நான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே உள்ளவன். எங்களுக்கு வருவது மேலே உள்ளவர்கள் பயன்படுத்திய மிச்சமும் பட்டணங்களின் கழிவும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்த அணைக்கட்டின் மேற்புறம் பல பத்தாண்டுகளாகத் தூர்ந்துபோய், பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு சென்று, 2015இல்தான் தூர்வாரும் வேலை தொடங்கியது. கீழ்ப்பகுதியில் மணல் போனதால் கடல்நீர் உள்ளே ஏறிய கதையை ஆத்தூர், முக்காணிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விலாங்குக் குஞ்சு நன்னீரின் மணத்தைத் தேடித்தான் நுழைகிறது என்றால், கோடையில் புன்னைக்காயலுக்கு நன்னீரே போய்ச் சேராத நிலையில் அது எதைத் தேடும்?

காணி மக்கள் முன்னிற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மீன் அவர்களிடம் போய்ச் சேர்வதற்கு முன் எங்கள் வாசலைத் தாண்ட வேண்டும். எங்களை விட்டுவிட்டு மலையில் மட்டும் கூட்டம் போட்டால், நெல்லுக்கு நீர் பாய்ச்ச மடையை விட்டுவிட்டு வரப்பைப் பிடித்துக்கொண்ட கதையாகிவிடும்.


பதில் 3: அம்பாசமுத்திரம் வழக்கறிஞர்

கேட்டவர் 'இடம் உண்டா' என்று கேட்டிருப்பதால் சட்டத்தின் பக்கத்தைச் சொல்கிறேன்.

காணிக்காரர், காணிக்கர் என்ற பெயரில் இம்மக்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும், பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை (இப்போது தென்காசி மாவட்டம்), அம்பாசமுத்திரம் வட்டங்களிலும் பட்டியல் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்டவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பலர் பட்டா தரும் சட்டம் என்றே நினைத்திருக்கிறார்கள். அதன் மூன்றாம் பிரிவில், நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்கள்மேல் சமூக உரிமை தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. தாங்கள் வழிவழியாகக் காத்துவந்த சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும், மீளுருவாக்கவும், மேலாண்மை செய்யவுமான உரிமையும் அதே பிரிவில் உள்ளது. ஐந்தாம் பிரிவு நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கு அளிக்கிறது. ஆக, சட்டப்படி காணிப் பெரியவரின் இடம் விழா மேடையில் பொன்னாடைக்காக ஒதுக்கிய நாற்காலி அன்று. எந்த மீனை, எந்தக் கசத்தில், எந்த மாதத்தில் பிடிக்கக் கூடாது என்று கிராமசபை தீர்மானம் போடும் இடம் அது. மாவோரி மக்களிடம் 'ராஹுய்' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு நீர்நிலை இளைத்துவிட்டால் குறித்த காலம்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவர்களே கட்டுப்பாடு விதித்துக்கொள்வார்கள். நம் பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போடுகிறோமே தவிர யாரும் தூண்டில் போடுவதில்லை. அதற்கும் எந்த அரசாணையும் காரணமில்லை.

நடைமுறைச் சிக்கலையும் மறைக்கக் கூடாது. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு வாளி மீனைக்கூட நாம் எடுத்துச் செல்ல இயலாது. மலையில் வனத்துறை, அணைக்கட்டுகளில் நீர்வளத்துறை, மின்நிலையத்தில் மின்வாரியம், கழிமுகத்தில் மீன்வளத்துறை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக விலாங்கைப் பழிக்கிறோம். நான்கு அலுவலகங்களுக்கும் முகம் காட்ட வேண்டிய நிலை அதற்கு.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். மலையின் கேரளப் பக்கத்தில், 1987இல் காட்டுக்குள் சென்ற ஆய்வாளர்களுக்குக் காணி இளைஞர்கள் களைப்பு நீக்கும் ஒரு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாகி, 1995இல் உரிமம் ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, வருமானத்தில் பங்கு காணி மக்களுக்கென 1997இல் பதிவான அறக்கட்டளைக்குச் சென்றது. உலகெங்கும் முன்மாதிரி என்று பாராட்டப்பட்டது. ஆனால் பங்கு தருவது வேறு, முடிவெடுக்க விடுவது வேறு. அங்கே ஒப்பந்தம் எழுதிய மேசையில் காணி மக்கள் முதலிலிருந்தே அமர்ந்திருந்தார்களா என்ற கேள்வி அன்றே எழுந்தது. மீன் விஷயத்திலும் அதே கேள்வி எழாமல் இருக்க வேண்டுமானால், திட்ட அறிக்கையை எழுதி முடித்தபின் அவர்களிடம் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள்.


பதில் 4: சேர்வலாற்றுப் பிள்ளை

நான் காணிக் குடியிருப்பில் பிறந்தவன், இப்போது திருநெல்வேலியில் படிக்கிறேன். இவ்வளவு நேரம் பேசியவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் ஐயா, எந்த மீன் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

விலாங்கு உங்கள் கால்வாயின் நினைவு. அதைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஓடையைப் பற்றிப் பேசும்போது முதலில் வாயில் வருவது வேறு மீன்கள்: கல்லைப் பற்றிக்கொண்டு பாசி மேயும் சிறுமீன், ஆழமான கயத்தில் நிற்கும் பெரிய கெண்டை. அருவிக்கு மேலே உள்ள மீன்கள் கீழே உள்ளவற்றோடு கலப்பதில்லை. அகத்தியர் அருவியை ஏறிவர விலாங்கைத் தவிர வேறெதற்கு முடியும்? ஆகவே கீழிருந்து கொண்டுவரும் எந்தக் குஞ்சும், எவ்வளவு நல்ல பெயரோடு வந்தாலும், மேலே எங்களுக்கு அன்னியம். அணை நீரில் இப்போது கண்ணில் படும் ஜிலேபியும் அப்படி யாரோ ஒருவர் நல்லது என்று நினைத்து விட்டதுதான்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஓடையின் எந்த வளைவில் எந்த மீன் முட்டை வைக்கும், அது எந்த ஆண்டிலிருந்து வரவில்லை என்பதை அவர் தம் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளோடு சேர்த்துச் சொல்வார். 'உன் அப்பன் பிறந்த வருசம் வரை இருந்தது' என்பார். அதை யாரும் குறித்துவைத்ததில்லை. நானும் குறித்துவைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.


பதில் 5: தண்பொருநை

தம்பி, நீங்கள் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். விலாங்கின் வாழ்க்கையை அவ்வளவு நீளமாக எழுதியபோது, யாருடைய மீன் என்று கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் பாட்டி சொல்வதைப் போன்ற கணக்கு எவ்வளவு பெறுமதியுடையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் உமட்டில்லா பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு முக்கியமான 'லாம்ப்ரே' என்ற மீன், தாடையில்லாமல் வட்டமான உறிஞ்சும் வாயோடு, பார்ப்பதற்கு விலாங்கு போலவே இருக்கும். அந்த மக்களும் அதைப் பேச்சு வழக்கில் விலாங்கு என்றே சொல்கிறார்கள். உயிரியலில் இரண்டுக்கும் உறவில்லை, வாழ்க்கைப் பாதையும் தலைகீழ்: அது ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது. வணிக மதிப்பில்லாத மீன் என்பதால் அரசுத் துறைகள் அதை நெடுங்காலம் எண்ணவே இல்லை. எந்தக் கிளையாற்றில் அது இருந்தது, எப்போது மறைந்தது என்ற விவரம் பெரியவர்களின் நினைவில்தான் இருந்தது. அவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, எங்கே பிடித்தீர்கள், எப்படிப் பிடித்தீர்கள், எப்போது நின்றது என்று கேட்டுப் பதிவுசெய்தார்கள். மீன்துறையினர் ஆற்றில் நஞ்சு கலந்து 'வேண்டாத' மீன்களை ஒழித்த ஆண்டுகளும் அந்த நினைவுகளில் வெளிப்பட்டன. பிறகுதான் கீழ்ப்பகுதி அணைகளில் பிடித்த முதிர்ந்த லாம்ப்ரேக்களை மேலே கொண்டுபோய் விடும் வேலையைப் பழங்குடியினரே தொடங்கினார்கள். அதற்கு ஓர் அழகான காரணமும் உண்டு. லாம்ப்ரே, தான் பிறந்த கிளையாற்றையே தேடிவரும் மீன் அன்று. மேல்நீரின் சேற்றில் வாழும் தன் இனக் குஞ்சுகளின் மணத்தைப் பின்பற்றி ஏறுகிறது. குஞ்சே இல்லாத ஓடையில் மணமும் இல்லை, அதைத் தேடி எதுவும் வராது.

கயத்துக் கெண்டையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு குறிப்பு. 1954இல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் விவரித்த ஒரு சிறு கெண்டை இனம், இந்த ஆற்றின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கி நிற்கிறது. இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது, அழியும் ஆபத்தில் உள்ளது. துடுப்பின் இழைகள் நீண்டு அழகாக இருப்பதால் கண்ணாடித் தொட்டி வணிகத்திலும் அதற்குத் தேவை உண்டு. மீட்பு என்று ஒன்று தொடங்கினால், தொட்டிக்காரர்கள் கசத்தின் இடம் கேட்டு வருவார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பாட்டி சொல்லும் வளைவுகளை எழுதிவையுங்கள், ஆனால் அந்த ஏடு குடியிருப்பிலேயே இருக்கட்டும். எங்கள் கையில் தராதீர்கள்.


பதில் 6: கல்லிடைக்குறிச்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. என் உறுத்தல் எதைப் பற்றியது என்று இப்போது தெரிகிறது. நாங்கள் மீனையும் முடிவுசெய்துவிட்டு, நாளையும் குறித்துவிட்டு, தலைமையை மட்டும் அவர்களிடம் கொடுக்கப் பார்த்தோம். மன்றக் கூட்டத்தில் குஞ்சு விடும் யோசனையைக் கைவிடச் சொல்லிவிட்டேன். விழா வேண்டும் என்பவர்களுக்கு, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டம் ஆற்றில் விட்டுப்போகும் துணிகளையும் நெகிழியையும் அள்ளும் வேலை இருக்கிறது என்று சொன்னேன். ஒருவரும் கை தூக்கவில்லை. பிறகு இரண்டு மாணவிகள் மட்டும் வருவதாகச் சொன்னார்கள்.

சேர்வலாற்றுத் தம்பிக்கு: உங்கள் பாட்டியின் கணக்கை நீங்களே எழுதுங்கள். பதிவுக்கருவி தேவைப்பட்டால் மன்றத்திலிருந்து தருகிறோம். என்ன பதிவானது என்று கேட்க மாட்டோம். குடியிருப்பில் பேசி, எங்களால் ஆகவேண்டிய வேலை ஏதேனும் உண்டு என்று முடிவானால் சொல்லியனுப்புங்கள். இல்லை என்று முடிவானாலும் சரிதான்.

விலாங்கை நான் விட்டுவிடவில்லை. அது எங்கள் சமவெளிக்காரர்களின் பொறுப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஏரல் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி: உங்கள் அணைக்கட்டின் கீழ்ச்சுவரில் விலாங்குக் குஞ்சு ஏறுவதை அங்குள்ள யாரேனும் பார்த்ததுண்டா?


பதில் 7: ஏரல் கடைத்தெரு

என் சிறுவயதில் என் அத்தை ஒருவர், சுவரில் புழு ஏறுகிறது என்று சொல்லி எங்களை அங்கே குளிக்க விடமாட்டார். அது விலாங்குக் குஞ்சு என்று எனக்கு இந்த இழையைப் படிக்கும்போதுதான் தோன்றியது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பிசானப் பருவ நெல் நடவு முடிந்து, வெள்ளம் வடியத் தொடங்கி, சுவரில் தண்ணீர் மெல்லிய படலமாக வழியும் நாட்களில் வாருங்கள். இரவில் வாருங்கள். அது வெளிச்சத்தில் ஏறுவதில்லை என்று படித்தேன். ஆகவே விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஷட்டர் காவலரிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். தண்ணீர் திறக்கும் நேரத்தை அவர் ஒருவர்தான் சரியாகச் சொல்வார்.